திரையில் தூங்கிய பூனை

படகுத்துறை, மாடி அறை
நவம்பர் 4

அன்புள்ள குருவிக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதம் எழுதலாம், தபால் போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீதானே சொன்னாய். ஆறத்தான் செய்கிறது. ஆனால் கோபத்தோடு சேர்த்து டீயும் ஆறிவிடுகிறது. எழுத ஆரம்பித்தால் குடிக்க மறந்துவிடுகிறேன்.

பனிமூட்டம் தொடங்கிவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஆறு இல்லை. அக்கரை இல்லை. நம் துறையின் மரப்பலகைகள் பாதிவரை போய், அதற்குமேல் போக மனமில்லாததுபோல் வெள்ளைக்குள் நின்றுவிடுகின்றன. கீழே ஆட்கள் வரிசையில் நிற்பது தெரியும், முகம் தெரியாது. யாரோ கனவு கண்டுகொண்டிருக்க, அதற்குள் நான் வேலைக்கு வந்ததுபோல் இருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு உன் திரைதான் ஆறு. இதே மேசையில் உட்கார்ந்து நீ எழுதிய மென்பொருள். அதை வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் உன்னையும் வேலைக்கு அழைத்துப் போனார்கள்; பாலைக் கேட்டு வந்து பசுவையும் ஓட்டிக்கொண்டு போன கதை. போகட்டும். திரையில் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. எது எங்கே வருகிறது என்று பார்த்து, எதை விடலாம், எதை நிறுத்தலாம் என்று சொல்வேன்.

நேற்று அந்தத் திரையில் ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது. சொன்னால் சிரிப்பாய். புள்ளிகளெல்லாம் மறைந்து, நடுவில் சுருண்டு தூங்கும் பூனைப் படம். கீழே, ‘அடடா! எதிர்பாராத பிழை. சற்று நேரம் கழித்து முயலுங்கள்’ என்று எழுத்து. ஆற்றில் மூன்று படகுகள், அதில் இத்தனை உயிர்கள், எனக்கு முன்னால் பூனை. எதற்குச் ‘சற்று நேரம்’? படகுகள் காத்திருக்குமா? கொஞ்ச நேரத்தில் அதுவாகவே எழுந்து போய்விட்டது. உன் ஆட்களிடம் சொல், எனக்கு ஆறு வேண்டும், பூனை வேண்டாம்.

வீட்டில் உன் அலமாரியை அப்படியே வைத்திருக்கிறேன். திறந்தால் இன்னும் உன் வாசனை. அதனால் அதிகம் திறப்பதில்லை.

உன் துறைக்காரன்

•

நவம்பர் 9

அன்புள்ள துறைக்காரருக்கு,

உங்கள் பூனைப் புகாரை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். பூனையை வரைந்த பெண் முகம் சுருங்கிப்போய்விட்டாள். பிழை வந்தால் பார்ப்பவருக்கு எரிச்சல் வராமல் இருக்க அழகாக ஏதாவது வரை என்று அவளிடம் சொன்னவர் எங்கள் குழுத்தலைவர். திட்டு வாங்கியது அவள்.

நான் கூட்டத்தில் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. என்ன ஆயிற்று, எந்தப் படகு, இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் காட்டலாம் என்றேன். குழுத்தலைவர், அதெல்லாம் படிக்க அவர்களுக்கு ஏது நேரம், பயனரைப் பதற வைக்கக் கூடாது என்றார். அடுத்த வாரம் பூனை போய்விடும் என்று மட்டும் முடிவாயிற்று. அதற்குப் பதில் என்ன வரும் என்று கேட்டேன். ‘ஒண்ணும் வராது, சுத்தமா இருக்கும்’ என்றார். அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கைதூக்கி ஓட்டுப் போடும் இடத்தில் என் கை ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக் கூத்து இதைவிட மோசம். மென்பொருள் எங்களுக்கென்று தனியாக ஒரு பதிவு எழுதும். எங்கே தடுக்கியது, எதில் தடுக்கியது என்று அதைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். உங்கள் பூனை வந்த நேரத்தில் அது என்ன எழுதியிருக்கிறது என்று தேடினேன். ‘தெரியாத பிழை’. அவ்வளவுதான். வயிறு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால், ‘உங்களுக்கு உடம்பு சரியில்லை’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பியதுபோல. யாரோ உண்மையான காரணத்தைக் கையில் வாங்கி, பார்க்காமலே கசக்கிப் போட்டுவிட்டு, இந்த இரண்டு வார்த்தையை எழுதும்படி செய்திருக்கிறார்கள்.

இங்கே என் ஜன்னல் ஏழாவது மாடியில். மழை வந்தால் கீழே தெரு தெரியாது, குடைகள் மட்டும் மிதந்து போகும். அதைப் பார்க்கும்போது உங்களிடம் சொல்லத் தோன்றும். போன வருடம் முழுக்க இப்படித் தோன்றியதையெல்லாம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் ‘ஆங்’ என்பீர்கள். நான் மழையைப் பற்றிச் சொன்னால் நீங்கள் அரிசி வாங்கியதைச் சொல்வீர்கள். சுவரோடு பேசினால் சுவராவது குறுக்கே பேசாது. சண்டைக்காக எழுதவில்லை. ஆறிய பிறகுதான் எழுதுகிறேன்.

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பனி ஆகாது உங்களுக்கு.

குருவி

•

நவம்பர் 20

அன்புள்ள குருவிக்கு,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். யாரும் சாகவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பனி மிகவும் அடர்த்தி. திரை அழகாக இருந்தது. பூனை இல்லை, எழுத்து இல்லை, ஒரு சுருக்கமும் இல்லை. மீசைக்காரரின் சிறிய படகு நடு ஆற்றுத் திட்டின் இறங்குதுறை அருகே ஒரு பச்சைப் புள்ளியாக நின்றது. ஆள் இறக்குகிறார் போலும் என்று நினைத்தேன். அவர் அங்கே இருக்கும்வரை பாதை காலிதானே என்று இக்கரையிலிருந்து பெரிய படகை விட்டேன்.

அவர் அங்கே இல்லை. எப்போதோ கிளம்பி நமக்கு நேரே வந்துகொண்டிருந்தார். அவருடைய படகுப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, வயர்லெஸ்ஸும் செத்து, இடத்தைச் சொல்லும் கருவியும் குழம்பிவிட்டது. உன் திரை அதை என்னிடம் சொல்லவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே புள்ளியை வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

கீழே துறையில் மணி அடிக்கும் அம்மா இருக்கிறாளே, அவள் படியேறி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ‘மீசைக்காரர் ஊதல் ஊதிக்கிட்டே வர்றாருண்ணே, காது கேக்கலையா?’ என்றாள். நான் ஜன்னலுக்குப் போவதற்குள் அவளே கீழே இறங்கி மணியை அடிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த மணியைக் கேட்டுத்தான் பெரிய படகு திரும்பியது. பக்கவாட்டில் உரசி, கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு பள்ளி ஆசிரியைக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டு சைக்கிள்கள் ஆற்றில் போயின. பனிக்குள்ளிருந்து குழந்தைகள் அழும் சத்தம் வந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது, ஒன்றுமே இல்லாத வெள்ளையிலிருந்து மெதுவாக ஒரு படகின் மூக்கு வெளியே வந்தது மட்டும்தான்.

விசாரணை முடியும்வரை என்னை அறைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இயந்திரத்துக்கு என்ன வெட்கம்? பூனை வந்திருந்தால்கூட நான் திரையை நம்பியிருக்க மாட்டேன், படகை விட்டிருக்க மாட்டேன். குருவி, எனக்கு அந்தப் பூனையையாவது திருப்பிக் கொடு.

உன் துறைக்காரன்

•

நவம்பர் 25

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு மேசையிலேயே தலைவைத்துப் படுத்துவிட்டேன். பூனையை வரைந்த பெண்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

என்ன நடந்தது என்று இப்போது தெரியும். நனைந்த கருவி, இடத்துக்குப் பதிலாக வெறுமையை அனுப்பியது. எண் வரும் என்று காத்திருந்த மென்பொருள் தடுக்கி விழுந்தது. முன்பு விழுந்தால் பூனையாவது வரும். பூனையை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. விழுந்ததை விழுங்கிவிட்டுப் பழைய படத்தையே காட்டச் செய்துவிட்டார்கள். எங்களுக்கான பதிவிலும் அதே இரண்டு வார்த்தைதான். அதனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மீசைக்காரரின் கருவியையே வரவழைத்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய அலுவலகத்தில் வாளிதான் கிடைக்கவில்லை. துப்புரவு அறையில் வாங்கி வந்தேன்.

குழுத்தலைவரிடம் நேராகவே சொன்னேன், இனிமேல் பிழைச் செய்திகளை நான் எழுதுகிறேன் என்று. அவர் மறுக்கவில்லை. அவருடைய பிள்ளைகளும் படகில்தான் பள்ளிக்குப் போகிறார்களாம், இந்த ஊர் ஆற்றில். அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார். திரை தெரியாமல் போகும் நேரத்தில் உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். அந்த அறையில் உட்கார்ந்தவர் சொல்ல வேண்டும், ஏழாவது மாடியில் இருப்பவர்கள் அல்ல.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மணியம்மா கீழே, டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பவள். அவளுக்கு ஊதல் கேட்டிருக்கிறது. நீங்கள் மேலே, திறந்த ஜன்னலருகே. பனிக்காலத்தில் அந்த ஜன்னலை நீங்கள் மூடியதே இல்லை.

சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள். படுக்கையில் நான் பேசினால் திரும்பிப் படுப்பீர்கள். போனில் ‘ஆங்’. ஒரு வருடமாக இதையெல்லாம் நான் வேறு கணக்கில் எழுதி வைத்திருந்தேன். இப்போது நேராகக் கேட்கிறேன். உங்களுக்குக் காது கேட்கிறதா?

குருவி

•

டிசம்பர் 1

அன்புள்ள குருவிக்கு,

இல்லை.

இடது காது போன வருடக் காய்ச்சலோடு போய்விட்டது. வலதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. திடீரென்று நின்றிருந்தால் அன்றே உன்னிடம் ஓடி வந்திருப்பேன். அது பனி இறங்குவதுபோல் இறங்கியது. முதலில் அக்கரை போயிற்று, பிறகு நடு ஆறு, பிறகு பலகைகள். நீ பேசுவது எனக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கும். உன் குரல் என்று தெரியும், வார்த்தை தெரியாது. உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று அரிசி வாங்கியதைச் சொல்வேன். படுக்கையில் நான் திரும்பிப் படுத்தது, நல்ல காது உன் பக்கம் இருக்கட்டும் என்றுதான்.

உன் திரை வந்த பிறகு அந்த அறையில் காது தேவைப்படவில்லை. வயர்லெஸ்ஸை வலது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். சொன்னால் நாற்காலி போகும் என்று பயந்தேன். உனக்குச் சொன்னால் அந்தக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாய் என்று அதைவிடப் பயந்தேன். கடைசியில் நாற்காலியும் போயிற்று, நீயும் போனாய்.

உன் கடிதம் வந்த அன்றே துறை அதிகாரி வீட்டுக்குப் போனேன். விசாரணையில் திரையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்திருக்கலாம். என் பக்கம் பேசுபவர்கள் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். அவரிடம் சொன்னேன். ‘திரை பொய் சொல்லுச்சு, அது நிஜம். ஆனா ஊதல் எனக்குக் கேக்கல, அதுவும் நிஜம். ரெண்டையும் எழுதிக்கிங்க.’ அவர் ரொம்ப நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் பெயர் ஒன்று எழுதிக் கொடுத்தார். நாற்காலி போய்விட்டது. ஆற்றில் மிதக்கும் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். என் நாற்காலியில் இப்போது மணியம்மா. கற்றுக்கொள்கிறாள், என்னைவிடக் கடுகடுப்பு அதிகம், அந்த அறைக்கு அது நல்லது.

நீ கேட்டதற்கு வருகிறேன். திரை என்னிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எந்தப் படகைக் காணோம். மற்றவற்றை நம்பலாமா, கூடாதா. அடுத்து நான் என்ன செய்ய வேண்டும். காரணம் எனக்கு வேண்டாம், அது உங்களுக்கு. ஆனால் நான் போன் செய்யும்போது, எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கு உடனே விளங்க ஏதாவது ஓர் எண் கொடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். ‘அடடா’ வேண்டவே வேண்டாம்.

என்மேல் இரக்கப்பட்டு வந்துவிடாதே. அது எனக்குத் தாங்காது.

உன் துறைக்காரன்

•

டிசம்பர் 8

அன்புள்ள உங்களுக்கு,

இரக்கமா? எனக்கு வந்தது கோபம். நல்ல காதை என் பக்கம் வைத்துக்கொண்டு படுத்தாராம். அதை ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் இந்த ஏழாவது மாடியில் உட்கார்ந்து குடைகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். என் குரல் உங்களுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துத்தான் பெட்டி கட்டினேன். கம்பெனி ஒரு சாக்கு. கோபத்தில் இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தேன். ஆறவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

செய்தியை எழுதிவிட்டேன். இனிமேல் ஒரு படகிலிருந்து தகவல் நின்றால் அதன் புள்ளி சாம்பல் நிறமாகும், அறையில் மணி அடிக்கும். திரையில் இப்படி வரும்: ‘மூன்றாம் எண் படகு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சாம்பல் புள்ளி அது கடைசியாக இருந்த இடம். அதை நம்ப வேண்டாம். மற்ற படகுகள் சரியாகத் தெரிகின்றன. எந்தப் படகையும் கிளப்ப வேண்டாம்; துறை மணியை அடிக்கவும். எங்களை அழைத்தால் இந்த எண்ணைச் சொல்லவும்.’ அதே எண் எங்கள் பதிவிலும் இருக்கும். அங்கே எந்தக் கருவி எதை அனுப்பியது, எந்த வரியில் தடுக்கியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் இருக்கும். காரணத்தைக் கசக்கிப் போட இனி யாருக்கும் அனுமதி இல்லை. நாங்கள் நினைத்தே பார்க்காத பிழைக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன்: ‘திரையில் தெரிவது எதையும் இப்போது நம்ப வேண்டாம்.’

குழுத்தலைவர் இதைப் படித்துவிட்டு, பயமுறுத்துகிறதே என்றார். பயப்பட வேண்டிய நேரத்தில் ஒருவரைப் பயப்பட விடுவதும் மரியாதைதான் என்றேன். பூனை வரைந்த பெண் சாம்பல் நிறத்தில் எது என்று தேர்ந்தெடுக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாள். பனியில் கரைந்துவிடாத சாம்பல் வேண்டுமாம்.

பொருத்திப் பார்க்க ஒருவர் துறைக்கு வர வேண்டும். என்னை அனுப்புகிறார்கள். வேலையாகத்தான் வருகிறேன். காலையில் வந்து மாலைப் படகில் திரும்பிவிடுவேன்.

குருவி

•

டிசம்பர் 16

அன்புள்ள குருவிக்கு,

நீ போய் இரண்டு நாள் ஆகிறது. மணியம்மா அந்தத் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். நேற்று ஒரு கருவியை வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லி, மணி அடித்ததும் கைதட்டினாளாம். ‘தெரியலைன்னு சொல்ற வாய்க்குச் சர்க்கரை போடணும்’ என்றாள்; அதை என் வலது காதில் வந்து கத்தினாள்.

நீ வேலை செய்ததை வாசலில் நின்று பார்த்தேன். மேசைக்கு அடியில் புகுந்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, எதையோ திட்டிக்கொண்டிருந்தாய். உன் சத்தம் கேட்கவில்லை, திட்டுகிறாய் என்று முதுகிலேயே தெரிந்தது. மதியம் வீட்டில் சாப்பிடும்போது நாம் அதிகம் பேசவில்லை. நீ என் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். அது எனக்குப் போதுமாக இருந்தது. காதுக் கருவிக்கு அளவு கொடுத்திருப்பதை அப்போது சொல்ல மறந்துவிட்டேன். வர ஒரு மாதமாகும்.

மாலையில் படகு கிளம்பியபோது பனி திரும்பவும் இறங்கியது. நீ பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்று ஏதோ சொன்னாய். வழக்கமாக இருந்தால் தலையை ஆட்டியிருப்பேன். அன்று ஆட்டவில்லை. எல்லோர் முன்னாலும், ‘கேக்கல, இன்னொரு தரம் சொல்லு’ என்று கத்தினேன். நீ சொன்னாய். கேட்கவில்லை என்று கை அசைத்தேன். கையைக் குவித்து இன்னொரு முறை சொன்னாய். எஞ்சின் சத்தமாக இருந்திருக்க வேண்டும். பலகையின் நுனிவரை ஓடினேன். அதற்குள் உன் முகம் மங்கி, சேலை மங்கி, படகே வெள்ளைக்குள் போய்விட்டது. கனவில் நிற்பதுபோல் வெகுநேரம் அங்கேயே நின்றேன். யாரும் என்னை எழுப்பவில்லை.

என்ன சொன்னாய்?

உன் துறைக்காரன்

•

டிசம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

முதல் தடவை, ‘குடையை உங்க வீட்டுலயே விட்டுட்டேன்’ என்றேன். இரண்டாம் தடவையும் அதையேதான். உங்கள் வீடு என்று ஏன் என் வாயில் வந்தது என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அதனால் மூன்றாம் தடவை வேறு சொன்னேன். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்; படகில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

அதை எழுத மாட்டேன். சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன். வலது பக்கம் நின்று சொல்கிறேன். கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன்.

குருவி